விருந்தாளி நாற்காலி

கலுவா கரை
3 செப்டம்பர் 1996

யாமிகானி,

ஏரி இல்லை. எல்லோரும் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் சரிவில் இறங்கும்போது கால்கள் நனைவதற்குத் தயாராகிவிட்டன. நனையவில்லை.

படகுகள் கடைசியாக விட்ட இடத்தில் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றின் நிழலில் கோழிகள். மதியத்தில் தூரத்தில் தண்ணீர் தெரிகிறது. நடந்தால் அதுவும் நடக்கிறது. இங்கே யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. சில்வா ஏரி இதற்கு முன்பும் இப்படிப் போயிருக்கிறது, திரும்பியும் வந்திருக்கிறது என்கிறார்கள், வெளியூருக்கு வேலைக்குப் போன கணவனைப் பற்றிச் சொல்வதுபோல.

மிஞ்சியது ஆற்றுவாயில், நாணலுக்குள் ஒரு பெரிய குட்டை. அதில் இருக்கும் மீன்கள்தான், தண்ணீர் வந்ததும், மறுபடி ஏரியை நிரப்ப வேண்டும். யாரோ விஷவேரை இடித்து அதில் கலக்குகிறார்கள். மீன்கள் மயங்கி மிதக்கின்றன. யார் என்று ஊருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

குட்டையைப் பற்றிய நம் நாடகத்தில் ஊர்க்காரர்களே நடிக்கிறார்கள். பசித்த வீடு, அழும் குழந்தை, வேரை இடிக்கும் புருஷன். அவன் கூடையைத் தூக்கும்போது நான் கைதட்டி நிறுத்துகிறேன். "இவன் இடத்துக்கு யாராவது வந்து வேறு மாதிரி செய்து காட்டுங்கள்." யாரும் எழவில்லை. முதல் நாள்தானே. ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடிக்கும் அளவு காத்திருந்தேன். உள்ளே பாடிக்கொண்டேதான் இருந்தேன்.

ஊர்த்தலைவர் மசாம்பா எனக்கு நாற்காலி போட்டார். விருந்தாளிக்கென்று இருக்கும் ஒரே நாற்காலி; குட்டை விஷயமாக வாரம் ஒரு கார் வருவதால் அதற்கு ஓய்வில்லை. மற்றவர்களுக்குப் பாய், தரை.

சம்பளப் பட்டியலில் நாடகம் நடத்தும் நாங்கள் ஆறு பேரும் இன்னமும் ஓட்டுநர்களுக்குக் கீழேதான் இருக்கிறோம். நீங்கள் மேசை வேலைக்குப் போய்விட்டீர்கள். அங்கிருந்து பார்த்தால் அது தெரிகிறதா?

எனிஃபா


லிலோங்வே
14 செப்டம்பர் 1996

எனிஃபா,

ஜகராண்டா பூத்துவிட்டது. ஜன்னல் முழுக்க ஊதா. அந்த நிறத்தில் உட்கார்ந்துதான் நீ வெறுக்கும் காகிதங்களை எழுதுகிறேன்.

மேசை என்று நீ எழுதுவது சேறு என்று எழுதுவதுபோல இருக்கிறது. சரி. ஆனால் யாராவது உட்கார வேண்டும். போன வாரம் என் மேலதிகாரி, "அந்தப் பொண்ணுங்க போய் விளையாட்டுக் காட்டுவாங்களே, அதுக்கெல்லாம் எதுக்குப்பா நிரந்தர வேலை?" என்று கேட்டார். கெட்டவர் அல்ல. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். தாதிக்குப் பெயர் இருக்கிறது, ஆசிரியருக்குப் பெயர் இருக்கிறது. நாடகத்தை நிறுத்திக் கூட்டத்தைப் பேசவைக்கிறவளுக்கு இல்லை. ஒரு வருடம் நாடகம் வேண்டாம் என்று யாராவது முடிவு செய்தால் மறுநாள் நீ வீட்டில் இருப்பாய்.

அதை மாற்றத்தான் இது. அமைச்சகத்திலிருந்து திருமதி சிர்வா வருகிறார். ஒவ்வொருவரின் கூட்டத்தையும் நேரில் பார்த்து, தேறியவர்களுக்குப் பதவித் தரமும் நிரந்தரப் பணியும். உன்னுடையது நவம்பர் தொடக்கத்தில். அளவுகோல் புதிதல்ல, ஸோம்பாவில் கல்லூரித் தாழ்வாரத்தில் நாம் இருவரும் சேர்ந்து எழுதியதுதான். நடத்துகிறவர் வெளியாளாக இருக்க வேண்டும். நடிக்கக் கூடாது. தன் பதிலைச் சொல்லக் கூடாது.

உனக்கு இது தூக்கத்தில்கூட வரும்.

ஸோம்பா பேருந்து நிலையத்தில் நான் உன்னிடம் ஒன்று கேட்டேன். அந்தப் பாட்டும் இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

யாமிகானி


கலுவா கரை
29 செப்டம்பர் 1996

யாமிகானி,

ஒன்று நடந்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

கிணற்றடியில் ஃபலேஸ் என்று ஒரு பெண். மீன் வியாபாரம் செய்தவள், இப்போது மீன் இல்லாததால் நம் நாடகத்தில் அழும் மனைவியாக நடிக்கிறாள். மசாம்பாவின் தங்கை. "எல்லாருகிட்டயும் கேள்வி கேக்கிறியே, நீ யாரு பொண்ணு?" என்று கேட்டாள். மரியாதைக்குச் சொன்னேன். அப்பாவின் பெயர், குலம். அம்மா வளர்த்த பிளான்டையர் வீட்டில் அப்பா ஒரு பெயர் மட்டும்தான். ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்துக்குப் போனவர், ஏரிப்பக்கத்து ஆள். எந்தக் கரை என்று யாரும் சொன்னதில்லை.

இந்தக் கரை.

ஃபலேஸ் வாளியைக் கீழே வைத்தாள். குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி என் கன்னத்தில் பூசினாள். "அடியே, எங்க மாமன் மகளா நீ? இத்தன நாளா உன்னைப் போயி நாற்காலியில உக்கார வச்சமே."

என் அப்பாவின் அக்கா மக்கள்தான் அவளும் மசாம்பாவும். அத்தை மகன், மாமன் மகள். முறை உள்ளவர்கள் எதைச் சொல்லிக் கேலி செய்தாலும் கோபிக்க முடியாது, உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து மசாம்பா என்னைப் பொண்டாட்டி என்கிறார். அவருக்கு ஐம்பது வயது, வாயில் பாதிப் பல் இல்லை. என் செருப்பை ஒளித்துவைக்கிறார்கள். என் பெயரில் ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுகிறார்கள். பாதி ஊர் எனக்கு முறை.

வியாழக்கிழமை கூட்டத்தில் நாடகத்தை நிறுத்தி, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "உன் மூக்கைப் பாத்தோம்" என்றது கூட்டம். மசாம்பா எழுந்து, "பொண்டாட்டி கேக்கிறா, எதாச்சும் சொல்லுங்கப்பா. இல்லேன்னா எனக்கு ராத்திரி சோறு கெடையாது" என்றார். பாயில் உருண்டு சிரித்தார்கள்.

நான் எதைக் கேட்டாலும் இப்போது அது கேலி. நாம் கற்ற எதற்கும் இங்கே பிடி இல்லை.

விநோதமாக, இரவு நன்றாகத் தூங்கினேன். கனவில் அப்பா படகு தள்ளினார். முகம் இல்லை. தண்ணீர் இருந்தது.

எனிஃபா


லிலோங்வே
8 அக்டோபர் 1996

எனிஃபா,

சிரிக்கவில்லை. ஏன் பெயரைச் சொன்னாய்? பேச்சை மாற்றுவது நமக்குத் தெரியாதா?

முறை உள்ள இடத்தில் நீ வெளியாள் அல்ல. அளவுகோலின் முதல் வரியிலேயே விழுந்துவிடுவாய். மறுகரையில் சும்பி என்று ஓர் ஊர். அங்கேயும் ஒரு நாடகக் குழு இருக்கிறது, குட்டை இருக்கிறது, உனக்கு முறை யாரும் இல்லை. திருமதி சிர்வாவிடம் சொல்லி இடத்தை மாற்றிவிட்டேன். இப்போது நடந்தே போய்விடலாம் என்கிறார்கள்.

போ. உனக்காக மட்டும் சொல்லவில்லை. என்னைச் சுற்றி இருப்பவர்களிடம் எனிஃபாவைப் பாருங்கள், அப்போது புரியும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

யாமிகானி


கலுவா கரை
20 அக்டோபர் 1996

யாமிகானி,

போனேன். விடியற்காலையில் ஏரிக்குள் இறங்கி நடந்தேன். வெடித்த களிமண். அதில் பழைய மீன் முட்கள், ஒரு பிளாஸ்டிக் சீப்பு. நடுவில் நின்றபோது இரண்டு கரையும் தெரியவில்லை. நான் நின்ற இடம் ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்தது, இனி ஒரு காலத்தில் இருக்கப்போகிறது. என் தலைக்கு மேல் படகு ஒன்று போவதுபோலிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், நிஜமாகவே.

அங்கே பின்னாலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தான். சாவுச் செய்தி. சும்பிக்குச் சொல்லப் போகிறான். செத்தவர் நம் நாடகத்தில் முரசு வாசித்தவர். திரும்பிவிட்டேன். முறைக்காரி போகாமல் இருக்க முடியாது.

குழி வெட்டியிருந்தார்கள். உடலை இறக்கும் நேரத்தில் செத்தவரின் அத்தை மகன் ஒருவர் குழிக்குள் குதித்துப் படுத்துக்கொண்டார். எனக்குத் தர வேண்டிய புகையிலையைத் தந்தால்தான் எழுந்திருப்பேன் என்றார். அப்புறம் எழுந்து செத்தவரைப்போல நடந்து காட்டினார். குடித்துவிட்டு வருவது, பெண்டாட்டியை அடிப்பது, அடித்த கையாலேயே தன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுவது. அந்த விதவை சிரித்தாள். சிரித்துக்கொண்டே உடைந்து அழுதாள். கூட்டம் அவளோடு சேர்ந்து அழுதது. வேறு யார் அதைச் செய்திருந்தாலும் கத்தி வந்திருக்கும்.

நாடகத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. மௌனத்தை எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்றும். ஆனால் அவர் வெளியாள் அல்ல. வெளியாளாக இருந்தால் அவரால் ஒரு சொல்கூடச் சொல்லியிருக்க முடியாது.

நான் சும்பிக்குப் போகவில்லை. திருமதி சிர்வா இங்கேயே வரட்டும். தரம் எனக்கு வேண்டாம் என்று நினைக்காதீர்கள். வேண்டும். மிக வேண்டும். அம்மாவிடம் போய், இதற்குப் பெயர் இருக்கிறது, வேலைதான் இது என்று சொல்ல வேண்டும்.

எனிஃபா


லிலோங்வே
26 அக்டோபர் 1996

எனிஃபா,

நவம்பர் 2, சனிக்கிழமை, காலையில் வருகிறோம். கலுவாவுக்கே.

அன்று ஒரு நாள் மட்டும் நாற்காலியில் உட்கார். சேறு வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

யாமிகானி


லிலோங்வே
5 நவம்பர் 1996

எனிஃபா,

காரில் திருமதி சிர்வா ஸோம்பா வரும்வரை குறிப்பேட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், "தலைவரை எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசலாமா?" என்றார். அவர் வடக்கத்திக்காரர், அங்கேயும் முறை இருக்கிறது, தெரியாதவர் அல்ல. ஆனால் அன்று அவர் அதிகாரி.

நான் பார்த்ததை எழுதுகிறேன். நீ மறுத்தால் மறு.

சாப்பாடு போட்டார்கள். எங்களுக்கு நாற்காலி, உனக்கும். சீமாக் களி, கீரை, பெரிய கெளுத்தி. கருவாடு அல்ல, புதிய மீன். தூரப் பயணம், பசி. சாப்பிட்டோம். நீ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மீனையே பார்த்தாய்.

நாடகம் தொடங்கியது. புருஷன் கூடையைத் தூக்கினான். கைதட்டினாய். யாரும் எழவில்லை. நீ காத்திருந்தாய். எவ்வளவு அழகாகக் காத்திருந்தாய் என்று திருமதி சிர்வாகூட எழுதிக்கொண்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

நீ நாற்காலியை விட்டு எழுந்தாய். செருப்பைக் கழற்றினாய். நடிகன் கையிலிருந்த கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மசாம்பாவின் பாய்க்கு முன்னால் போய் நின்றாய்.

"ஏய் என் புருஷா. எனக்கு ஒரு நெத்திலி வாங்கித் தர வக்கில்ல உனக்கு. வந்தவங்க தட்டுல மட்டும் இவ்வளவு பெரிய மீனு எங்கேருந்துய்யா துள்ளி விழுந்துச்சு?"

சிரிப்பு. அவர் சிரித்தார். அப்புறம் சிரித்த முகத்தோடே சொன்னார்: "கேக்கிறா பாரு. குட்டையக் காப்பாத்துங்கன்னு சொல்ல வாரத்துக்கு ஒரு கார்ல உங்காளுங்க வர்றாங்க. வந்தவங்களுக்கு என்னத்தப் போடச் சொல்ற, என் தொடைய அறுத்தா? நான்தான்டி வேரக் கலக்குனேன். உன் விருந்தாளிக்குத்தான் கலக்குனேன்."

திருமதி சிர்வாவின் பேனா நின்றது. பிறகு எழுந்தார். நானும் எழுந்தேன்.

மூன்று விதியையும் ஒரே மூச்சில் உடைத்தாய். தெரிந்தே செய்தாயா?

யாமிகானி


கலுவா கரை
17 நவம்பர் 1996

யாமிகானி,

தெரிந்து செய்யவில்லை. தட்டில் மீனைப் பார்க்கும்வரை என்னிடம் கேள்வியே இல்லை. பார்த்த பிறகும் பதில் தெரியாது. பதில் தெரியாத கேள்வியைத்தான் கேட்க வேண்டும் என்று தாழ்வாரத்தில் யார் சொன்னது? நீங்கள்தான். அதை ஏன் விதியாக எழுதாமல் விட்டோம்?

மசாம்பா திருடர் அல்ல. வந்தவரை வெறும் கீரையோடு அனுப்பினால் தலைவர் என்ற பெயர் அவருக்கு எதற்கு? ஒவ்வொரு காருக்கும் முந்தின மாலை வேரை இடித்திருக்கிறார். ஊர் பார்த்திருக்கிறது. விருந்தாளிகள் முன்னால் விருந்தாளிகளால்தான் இது என்று யார் சொல்வது? அவரே சொல்ல ஒரு வழி வேண்டியிருந்தது. பெண்டாட்டி ஏசினால் புருஷன் பதில் சொல்லலாம். அவ்வளவுதான்.

நீங்கள் கிளம்பிய பிறகு நடந்ததை எழுதுகிறேன். மதிப்பெண்ணுக்காக அல்ல.

காரின் தூசி அடங்கியது. சிரிப்பு முழுதாகப் போய்விட்டிருந்தது. மசாம்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்தேன். அப்போது ஃபலேஸ் எழுந்தாள். அண்ணனின் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். தலைவராகிவிட்டாள். திருமதி சிர்வா உட்கார்ந்த நாற்காலியில் நாடகத்துப் புருஷனை உட்காரவைத்து, "வாங்க ஐயா, தூரத்துலேருந்து வந்திருக்கீங்க" என்று குழைந்து, அவன் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். காலித் தட்டு. அதில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றினாள்.

"இதுக்குள்ள மீனு வந்ததும் சொல்லி அனுப்பறோம். அப்ப வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. அப்புறம் ஒருவர் எழுந்து தட்டில் கீரை வைத்துக் காட்டினார். ஒருத்தி, விருந்தாளியையே நாணல் அறுக்க அனுப்பினாள். இருட்டும்வரை தலைவரின் தொப்பி தலை மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் மசாம்பாவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், விருந்தாளியாக. பசியோடு. நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தேன். இதுவரை நான் நடத்தியதில் சிறந்த கூட்டம் அது. ஒருவேளை நான் நடத்தவில்லை.

முடிவு என்ன ஆனாலும் எழுதுங்கள். சுற்றி வளைக்காமல்.

எனிஃபா


லிலோங்வே
1 டிசம்பர் 1996

எனிஃபா,

சுற்றி வளைக்கவில்லை. ஐந்து பேருக்குத் தரம் வந்துவிட்டது. நிரந்தரம். உனக்கு இல்லை. "நடுநிலை தவறினார், பாத்திரமேற்றார்." ஏப்ரலிலிருந்து உன்னை உதவியாளராக வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

உன் கடிதத்தைத் தேர்வுக் குழுவில் வாசித்தேன். உன்னைக் கேட்காமல். தொப்பி வரும் இடத்தை இரண்டு முறை வாசித்தேன். மேலதிகாரி கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு எப்படிப்பா விதி எழுதுறது?" என்றார். நியாயமான கேள்வி. மூன்று இரவு எழுதிப் பார்த்தேன். கடைசியில் நின்றது ஒரே வரி: நடத்துகிறவர், தன் முன்னால் இருப்பவர்களுக்குத் தான் யார் என்பதை அறிந்திருக்க வேண்டும். அதை வெளியாள் என்ற வரியின் இடத்தில் வைக்கச் சொன்னேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள்.

ஆனால் ஒன்று கிடைத்தது. ஜனவரியில் உனக்கு இன்னொரு வாய்ப்பு. இடத்தை நீயே தேர்ந்துகொள்ளலாம். திருமதி சிர்வாவேதான் கேட்டு வாங்கினார். "அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் சும்மா நிக்குது" என்று இன்னமும் சொல்கிறார்.

சும்பிக்குப் போ, எனிஃபா. பழைய விதிதான் இன்னும் இருக்கிறது. உன்னை யாருக்கும் தெரியாத ஊரில் நீ கண்ணை மூடிக்கொண்டு தேறுவாய். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் முறைக்காரியாக இரு.

இங்கே முதல் மழை. ஊதாவெல்லாம் தரையில்.

யாமிகானி


கலுவா கரை
14 டிசம்பர் 1996

யாமிகானி,

இங்கேயும் மழை. ஏரியில் இன்னும் தண்ணீர் இல்லை, ஆனால் நிறம் மாறிவிட்டது. காலையில் வெடிப்புகள் மூடியிருந்தன. அதன்மேல் நடந்தால் பூமி தூக்கத்தில் புரள்வதுபோல ஒரு சத்தம். குட்டையிலிருந்து ஒரு மெல்லிய ஓடை ஏரிப்பக்கம் இறங்கியிருக்கிறது. குழந்தைகள் அதன் கூடவே நடந்துபோகிறார்கள், அது நிற்கும் இடத்தில் நிற்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தேன். சும்பிக்குப் போனால் தேறுவேன். எனக்கும் தெரியும். ஐந்து பேருக்குக் கிடைத்தது எனக்கு இல்லை என்பது வலிக்கிறது, அதை மறைக்கவில்லை. உதவியாளர் என்ற சொல்லை வாசித்தபோது அழுதேன். பாயில் பக்கத்தில் இருந்த ஃபலேஸ் என்னவென்று கேட்கவில்லை. என் மூக்கைத் தன் இடுப்புத் துணியால் துடைத்துவிட்டு, "இந்த மூக்க வச்சுக்கிட்டு அழுதா ஏரியே ரொம்பிடும்" என்றாள்.

அங்கே தேறுகிறவள் நான்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் தரம் கொடுப்பது கைதட்டி நிறுத்திவிட்டு ஓரமாக நிற்கத் தெரிந்த ஒருத்திக்கு. அவள் கலுவாவில் ஒன்றும் செய்திருக்க முடியாது. அவளுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்துவிட்டு நான் எங்கே போவது?

ஆகவே இடத்தைத் தேர்ந்துவிட்டேன். ஜனவரியில் திருமதி சிர்வா இங்கேயே வரட்டும். மறுபடி விழலாம். அப்படியென்றால் உங்கள் அந்த ஒரு வரியை அவர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டியிருக்கும்.

மசாம்பாவிடம் சொன்னேன். யோசித்தார். நாற்காலியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார், தண்ணீர் வரும்வரை வெளியே எடுப்பதில்லையாம், யாருக்காகவும். வருகிறவர்கள் பாயில் உட்காரட்டும் என்கிறார். அப்புறம், "அன்னைக்கு கழுத்துல பட்டை கட்டிக்கிட்டு வந்தானே, அவன் யாருடி? என் பொண்டாட்டிய இட்டுக்கிட்டுப் போறவனா?" என்று கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை என்றேன். "சீக்கிரம் சொல்லித் தொலை. அவன் எனக்கு அபராதம் கட்டணும்ல" என்றார். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்தபோது பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. நேரில் சொல்கிறேன்.

வழியில் ஸோம்பாவில் நிறுத்துங்கள். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

எனிஃபா